பக்கத்துச் சதை

எங்கள் மருத்துவக் கல்லூரியின் சேர்மன் மஹபூப் பாஷா அறிவியலுக்காகத் தன் குடலைத் தானம் செய்தார். இதை நான் சொல்லவில்லை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனர் சொன்னது. ‘குடல் தந்த கொடைவள்ளலே வருக’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் கூலிங் கிளாஸோடு அவர் படம். உண்மையில் அவர் தந்தது அரிசி நொய் அளவு சதை. அதுவும் குடலின் கடைசிப் பகுதியிலிருந்து. பேனரில் இதையெல்லாம் எழுத இடம் போதாது.

அந்த நொய் என் ஆராய்ச்சிக்காக எடுக்கப்பட்டது என்பதால் இந்தக் கூத்தை நானே சொல்கிறேன். என் பெயர் ஜெமி. அந்தக் கல்லூரியில் நோய்க்குறியியல் துறையில் உதவிப் பேராசிரியை. ஆபரேஷனில் வெட்டி எடுத்ததை மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன வியாதி என்று சொல்கிற வேலை. நோயாளிகள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

பெருங்குடலின் உள்பக்கம் எப்போதும் ஒரு வழுவழுப்பு பூசியிருக்கும். புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டி உண்டாகிற சளி அது. நல்ல குடலின் கீழ்ப்பகுதியில் அந்தச் சங்கிலிகளில் கந்தகம் அதிகம். இதற்கென்று இருக்கும் சாயத்தைப் போட்டால் டிகாஷன் நிறத்தில் கரும்பழுப்பாகத் தெரியும். புற்றுக்கட்டிக்குப் பக்கத்துச் சதையில் கந்தகம் குறைந்து வேறோர் அமிலம் ஏறிவிடும். அதே சாயத்துக்கு அது நீலமாகத் தெரியும். இத்தனைக்கும் அந்தப் பக்கத்துச் சதையில் கட்டி கிடையாது. வெறும் கண்ணுக்குத் தளதளவென்று நன்றாகவே இருக்கும். சாயம் போட்டால்தான் குட்டு வெளிப்படும். நீலம் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நீலத்தைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் விடுவது அயோக்கியத்தனம்.

கட்டிக்குப் பக்கத்துச் சதை என்னிடம் நிறைய இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் குடல் வேண்டும். அப்படிப்பட்டவரை ‘ஹெல்தி கண்ட்ரோல்’ என்போம். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் ஒரு நாள் பட்டினி கிடந்து, பேதி மருந்து குடித்து, பின்பக்கமாகக் குழாய் விட்டுக்கொள்ள யார் வருவார்கள்? இதை எங்கள் டீன் சுந்தர்ராஜ் டிரஸ்ட் கூட்டத்தில் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

“இன்னா சார், கண்ட்ரோலுக்கு ஆள் இல்லியா? நான் இருக்கேன்ல? காலேஜே நம்ம கண்ட்ரோல்லதானே இருக்குது?” என்றார் சேர்மன்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அதுவல்ல என்று டீன் சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று கை தட்டினார். ஆராய்ச்சிக்கு அனுமதி தர நெறிமுறைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் இருக்கிற அத்தனை பேரும் சேர்மனிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்கள் அனுமதி கொடுத்ததோடு நிற்காமல் பாராட்டுத் தீர்மானமும் போட்டார்கள்.

நான் அவரிடம் விளக்கப் போனேன். குடல் சளியைப் பற்றிய ஆராய்ச்சி என்று ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி நிறுத்தினார்.

“சளியா? டாக்டரம்மா, எனக்கு சளியே புடிக்காது. மார்கழி மாசத்துல பச்சைத்தண்ணில குளிக்கிறவன் நானு.”

மனிதர் கெட்டவர் இல்லை. தோல் தொழிலில் கைப்பட உழைத்து மேலே வந்தவர். யாரும் எதிர்த்துப் பேசாத இடத்தில் ரொம்ப நாள் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

குழாய் விடுகிற நாளில் ஏதோ ஒரு ஜெர்மன் கம்பெனிக்காரருக்கு விருந்து. பட்டினி முடியாது என்றார் சேர்மன். “உங்களுக்கு எதுக்கு சார் பேதி மருந்து? எனிமா போதும், சின்னக் குழாய் போதும்” என்றார் டீன். குழாய் குடலின் முதல் வளைவுக்கு வந்ததுமே, “அரே, போதும்பா!” என்று அறைக்குள்ளிருந்து சேர்மனின் சத்தம் கேட்டது. உடனே நிறுத்திவிட்டார்கள். அந்த வளைவுக்குச் சற்றுக் கீழே எடுத்ததுதான் என்னிடம் வந்த சதை.

வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவி சைரா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“ரெண்டு மாசமா இவருக்குப் பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது டாக்டர். கேட்டா டயட்டுன்னு சொல்றாரு. நிக்காவுக்குப் போனா மூணு தட்டு சாப்புடுறவரு டயட்டா இருப்பாரு?”

அதற்குள் டீன் வந்து, “சேர்மனுக்குப் பத்து வயசு கம்மியாயிடுச்சி மேடம்! காலேஜ் பசங்க மாதிரி ஸ்லிம் ஆயிட்டாரு” என்று பல்லைக் காட்டினார். சைரா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

அந்த வாரமே ஸ்லைடைப் பார்த்தேன். இங்க் பாட்டில் கவிழ்ந்ததுபோல முழுக்க நீலம். மறுபடி சாயம் போட்டேன். கூடவே பழைய ஸ்லைடுகளையும் போட்டேன். பழுப்பாக வர வேண்டியவை பழுப்பாகவே வந்தன. சேர்மனுடையது மட்டும் நீலம். டீனிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“சாயம் கெட்டுப்போயிருக்கும்” என்றார்.

“மத்ததெல்லாம் சரியா வந்திருக்குது சார்.”

“அப்போ ஸ்லைடு மாறிப்போயிருக்கும்.”

“அன்னிக்கு வந்தது இது ஒண்ணுதான் சார். முழுக் குழாய் விட்டுப் பாத்துரணும். மேல ஏதாச்சும் இருந்தா தள்ளிப்போடத் தள்ளிப்போட அவரு உயிருக்கு ஆபத்து.”

டீன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “ஜெமி, அவரு ஹெல்தி கண்ட்ரோல். பேப்பர்ல போட்டாச்சு, பேனர் கட்டியாச்சு. இப்போ போய் உங்களுக்கு உள்ள கட்டி இருக்கலாம்னு யாரு சொல்றது?”

“பேனர் கட்டினா கட்டி போய்டுமா சார்?”

“பாராட்டு விழா முடியட்டும். நானே பக்குவமா சொல்றேன்” என்றார். விழாவுக்கு ஒரு மாதம் இருந்தது.

துறையின் மூத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்கள். ஒவ்வொருவரும் “ம்ம்” என்றார்கள். யாருக்கும் சந்தேகம் இல்லை. “நீ ஏன் பேஜார் பண்ணிக்கிற, டீன் பாத்துக்குவாரு” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். சேர்மனைப் பார்க்க நேரம் கேட்டால், டீன் ஆபீஸ் வழியாக வரச் சொன்னார்கள். சைராவிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சேர்மன் உடம்பைப் பற்றி முதலில் சேர்மனிடம் சொல்வதுதான் முறை என்று அடக்கிக்கொண்டேன். கோபம் ஒரு பக்கம், வேலை போய்விடும் என்கிற பயம் ஒரு பக்கம். அந்த ஒரு மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் டீன் என்னைக் கூப்பிட்டார். சேர்மனின் குடலை மேடையில் பெரிய திரையில் காட்ட வேண்டுமாம். மாணவர்கள் பார்த்துப் பெருமைப்பட வேண்டுமாம்.

“வேற யாருதாச்சும் நல்ல பிரவுனா ஒண்ணு போட்டுடு. குடலுக்கெல்லாம் யாரு அடையாளம் பாக்கப் போறாங்க?”

சரி என்று தலையாட்டினேன். மறுநாள் சேர்மனுடையதையே போட்டேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசை முழுக்க டாக்டர்கள். மேடையில் சந்தன மாலையோடு சேர்மன், பக்கத்து நாற்காலியில் டீன். திரையில் படம் விழுந்ததும் அரங்கமே நீலமானது. டீன் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலைநீக்க உத்தரவு டைப் ஆகிக்கொண்டிருந்தது. சேர்மனோ துள்ளி எழுந்தார். மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

“வெட் ப்ளூ! தோல்காரங்க இருந்தா கை தூக்குங்க! பச்சைத் தோலு இருக்குதே, நாள் ஆனா அழுகிடும். அதையே டிரம்ல போட்டு குரோம் உப்பு குடுத்து எடுத்தா நீலமா வரும். அதான் வெட் ப்ளூ. அப்புறம் எத்தினி நாள் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. பாத்துக்குங்க, நம்ம குடலே வெட் ப்ளூ!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மாணவர்கள் தட்டினார்கள், பாவம், அவர்களுக்குத் தெரியாது. முன்வரிசையும் தட்டியது. என் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து “ம்ம்” என்ற அத்தனை கைகளும் தட்டின. டீன்தான் எல்லோரையும்விட ஜாஸ்தி.

நோயாளியின் சங்கதியை நாலு பேர் முன்னால் பேசக் கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். ஆனால் அந்தக் கைதட்டலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனிதனின் சாவுக்கு மேளம் கொட்டுகிறார்கள் என்று தோன்றியது. வியாதியின் பெயரைச் சொல்லாமல் கேட்டுவிடலாம் என்று என் பக்கத்திலிருந்த மைக்கை எடுத்தேன்.

“சார், ஒரு சந்தேகம். உங்க டேனரிக்கு ஒரு பச்சைத் தோலு வருது. இன்னும் டிரம்ல போடல, குரோமும் காட்டல. ஆனா அங்கங்க தானாவே நீலம் பூத்திருக்குது. வாங்குவீங்களா?”

சேர்மன் சிரித்தார். “இன்னா டாக்டரம்மா, அது கெட்டுப்போன தோலாச்சே. உள்ளாற அழுக ஆரம்பிச்சிருக்கும். எவன் வாங்குவான்?”

நான் மைக்கை அணைத்துவிட்டு மேடையேறி அவர் அருகில் போனேன்.

“நாங்க போட்ட சாயத்துக்கு நல்ல குடல் பழுப்பா வரணும் சார். உங்களுக்கு யாரும் குரோம் குடுக்கலியே.”

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் மாறியது. ஆயிரக்கணக்கான தோலைத் தடவிப் பார்த்த மனிதருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். அவர் கையிலிருந்த மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது.

“நீலம்னா கெட்டதுன்னு உங்கள்ல யாருக்கெல்லாம் தெரியும்?”

முன்வரிசை தன் செருப்புகளை ஆராய்ந்தது. டீன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கப் படாதபாடு பட்டார்.

“எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது” என்றார் சேர்மன். “தெரிஞ்சேதான் கை தட்டுனீங்களா?”

சைரா மேடைக்கு வந்து அவர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். “அந்தப் பேதி மருந்து எங்க கெடைக்கும்?” என்று என்னிடம் கேட்டார்.

இந்த முறை சேர்மன் முழுப் பட்டினி கிடந்தார். முதல் வளைவைத் தாண்டி நாலு விரற்கடை போனதுமே கட்டி தென்பட்டது, பெரிய நெல்லிக்காய் அளவில். ஆபரேஷன் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. தன் சொந்தக் கல்லூரியில் வயிற்றைக் காட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. அங்கே இருப்பவர்களை வேலைக்கு எடுத்தவர் அவர்தானே. கட்டி வேறெங்கும் பரவவில்லை என்றும், இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கதை வேறு என்றும் வேலூரில் சொன்னார்கள். அதைக் கேட்டு நான் வராண்டாவில் நின்று அழுதேன்.

சில நாள் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்பே டீன் அங்கே பெரிய பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். சைரா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சேர்மன் பாதியாக இளைத்திருந்தார், ஆனால் கண்ணில் களை இருந்தது.

“டாக்டரம்மா, கட்டி இம்மாந்தூண்டுதான். குடல மட்டும் முழத்துக்கு வெட்டியிருக்காங்க. நல்லா இருந்த சதைய இன்னாத்துக்கு எடுக்கணும்?”

“அதுக்குப் பல காரணம் இருக்குது சார். பக்கத்துச் சதை பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா கட்டிகூடவே இருந்து இருந்து அதுக்கும் கொணம் மாறிப்போயிருக்கும். அதான் நீங்க திரையில பாத்த நீலம்.”

சேர்மன் டீனைப் பார்த்தார். டீன் புன்னகை செய்தார்.

“இவரு நல்ல டாக்டர்தான். அந்த மொத வரிசைல இருந்தவங்களும் படிச்சவங்கதான். எங்கிட்ட வேலைக்கு வர்றப்போ எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க. எம்பக்கத்துல நின்னு நின்னு இப்பிடி ஆயிட்டாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அப்பிடிப் பாத்தா அந்தக் காலேஜுக்குக் கட்டியே நான்தான்!”

சைராவின் கையில் ஆரஞ்சு பாதியில் நின்றது. பதில் டீனிடமிருந்து வந்தது. பணியில் சேர்ந்த நாள் முதல் சேர்மன் வாயிலிருந்து வந்த எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனிதர். அவர் மூளைக்கு முன்னால் நாக்கு ஓடிவிட்டது.

“கரெக்டா சொன்னீங்க சார்.”