தலைதொட்டப்பன்

கேரளத்தில் பாலா பக்கத்தில் கல்யாணம் பண்ணிக்கொள்ள நினைக்கும் கத்தோலிக்க ஜோடி எதுவும் தேவஸ்யா சாரிடமிருந்து தப்ப முடியாது. மூன்று நாள் முன்தயாரிப்பு வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்காவிட்டால் கோயிலில் தாலி கிடையாது. இரண்டாம் நாள் பிற்பகல், மாட்டிறைச்சியும் மோர்க்குழம்பும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண் சொக்கும் நேரத்தில், 'உயிர்' என்ற பாடம் சாருடையது. பதினோரு வருடமாக அதை வேறு யாரும் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வித் தலைமையாசிரியர், வீட்டில் பிள்ளை இல்லாதவர். சபைக்கு இதைவிட வசதியான ஆள் எங்கே கிடைப்பார்?

"கருவான முதல் நொடியிலேர்ந்து அது ஆள்" என்பார் சார். "பொருள் இல்ல, ஆள். உங்க அம்மாவுக்கே தெரியறதுக்கு முன்னாடி ஆண்டவருக்கு உங்க பேர் தெரியும். டெஸ்ட்டியூப்ல வளக்கறதும் வேணாத மிச்சத்தை ஊத்திக் கழுவறதும் வைத்தியம் இல்ல. அதுக்குப் பேர் வேற." பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து முன்வரிசையில் கொடுப்பார். முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண். அவருடைய தம்பி செறியானின் மகள் எலிஸ்வா. தம்பிக்கு ஆறு வருடம் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பினவர்களைத் தடுத்து, ஒன்பது சனிக்கிழமை ஆலுவாப் பக்கத்துக் கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்கு அனுப்பிவைத்தது தானே என்பதைச் சொல்லும்போது சாரின் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். ஞானஸ்நானத்தில் குழந்தையின் தலையில் கைவைத்த ஞானத்தகப்பன், அந்த ஊர் வழக்கில் தலைதொட்டப்பன், அவரேதான். ஜோடிகள் கைதட்டுவார்கள்.

ஒரே ஒரு தடவை, கடைசி பெஞ்சில் இருந்த ஒரு நர்ஸ் பெண் எழுந்து, "சார், ஏற்கெனவே ஃப்ரீசர்ல இருக்கற கருக்களை என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கமே போகாம இருந்தா இந்தக் கேள்வியே வராது, மோளே" என்றார் சார். கூடம் சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். அது பதில் இல்லை என்று அன்று சாருக்குத் தோன்றவில்லை; நல்ல பதில் என்றே நினைத்தார்.

பெருவெள்ளம் வந்த வருடம். ஆகஸ்டில் ஆலுவா முழுகியபோது சாரின் மனைவி ரோசிலி மூன்று நாள் டிவி முன்னாலேயே கிடந்தாள். சோறு இறங்கவில்லை. கரண்டு போய்விட்டது என்று செய்தியில் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆலுவாவில் அவர்களுக்கு உறவென்று ஒரு பூனைகூடக் கிடையாது. "உலகத்துக்காக அழுவுறா பாரு" என்று சார் தம்பியிடம் பெருமையாகச் சொன்னார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு. பதினொரு மணிக்குத் தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றைக் கொண்டுவந்தார். 'மறியம், கொல்லம்பறம்பில் வீடு' என்று முகவரி. கொல்லம்பறம்பில் என்பது குடும்பப் பெயர். ஒரே மதிலுக்குள் இருக்கும் பழைய வீட்டுக்கும் அதேதான், தம்பி கட்டிய புதுவீட்டுக்கும் அதேதான். மறியம் என்பது ரோசிலியின் ஞானஸ்நானப் பெயர். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரை வைக்க வேண்டும் என்பது முறை, அந்தப் பக்கத்துக் கிழவிகளில் பாதிப் பேர் மறியம். கையெழுத்துப் போட்டு வாங்கிய சார், மனைவியின் தபால்தானே என்று பிரித்தார்.

ஆலுவாவில் ஒரு மலட்டுத்தன்மை சிகிச்சை மருத்துவமனை. வெள்ளத்தில் கீழ்த்தளம் பாழாகிவிட்டதால் வேறு கட்டடத்துக்கு மாறுகிறார்கள். 'தங்களுடைய உறைநிலையில் உள்ள கருக்கள் மூன்றும் பத்திரமாக உள்ளன. அவற்றைப் பற்றிய தங்கள் முடிவைத் திங்கட்கிழமைக்குள் தெரிவிக்கவும்.'

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். தங்களுடைய. மூன்றும். வாசற்படியிலேயே உட்கார்ந்தார். பதினாறு வருடம் பக்கத்தில் படுத்தவள். எப்படி? யாருடன்? அந்தக் கேள்வி தன் மனதில் வந்ததற்கே அவருக்குக் குமட்டியது.

சமையலறையில் ரோசிலி மரவள்ளிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவர் கடிதத்தை முறத்தின்மேல் வைத்தார்.

"இது என்ன?"

அவள் படித்தாள். முகம் வெளுத்தது. ஆனால் அவள் வாயிலிருந்து முதலில் வந்தது, "கர்த்தாவே, மூணும் பத்திரமா இருக்கு" என்பதுதான். சொல்லிவிட்டுக் கிழங்கு மண்ணோடு இருந்த கையால் கண்ணைத் துடைத்தாள்.

"ரோசிலி, நான் உன்கிட்டதான் கேக்கறேன்."

"என்னது இல்ல, அச்சாயா. அப்படிப் பாக்காதீங்க. டிம்பிளோட ஞானஸ்நானப் பேரும் மறியம்தான். மறந்துட்டீங்களா?"

டிம்பிள் செறியானின் மனைவி. அப்படியானால் எலிஸ்வா?

"அவளும் அங்கதான்" என்றாள் ரோசிலி, அவர் கேட்காமலே.

"நவநாள்? ஒம்பது சனிக்கிழமை?"

"ஒம்பது சனிக்கிழமையும் ஆஸ்பத்திரிதான். ஊசி, ஸ்கேன், அப்புறம் கருவை உள்ள வெச்சது. நான்தான் கூடப் போனேன். திரும்பற வழியில கோயில்லயும் இறங்குவோம். மெழுகுவத்தி ஏத்தாம ஒரு தடவைகூட வந்ததில்ல."

பதினோரு வருட வகுப்பில் எட்டு வருடம் சார் அவளுடைய ஏதாவதொரு புகைப்படத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். எத்தனை ஜோடி? அதில் எத்தனை பேர் அந்தப் படத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் மண்டியிட்டார்கள்? எத்தனை பேருக்கு இன்னும் தொட்டில் காலியாக இருக்கிறது? தான் பொய்ச்சாட்சி சொல்லிவந்திருக்கிறோம் என்பது ஒரு பக்கம். அந்தப் பொய்யைத் தன்னிடம் சொன்னது ரோசிலி என்பது இன்னொரு பக்கம்.

"நீயுமா என்னை முட்டாளாக்கின?"

"வேற எப்படிச் செய்யறது? நான் ஒரே ஒரு தடவைதான் உங்ககிட்டக் கேட்டேன், நமக்குப் போய்ப் பாக்கலாமான்னு. முழுசா ஒரு மணி நேரம் பாடம் எடுத்தீங்க. அதுக்கப்புறம் நான் வாயைத் தொறந்தேனா? எனக்குத்தான் இல்லன்னு ஆயிப்போச்சு. அவளுக்காவது இருக்கட்டும்னு போனேன்."

அவர் புதுவீட்டைப் பார்த்துச் சத்தம்போட்டார். செறியான் லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தான், பின்னாலேயே டிம்பிள். முறத்தில் கிடந்த கடிதத்தைப் பார்த்ததும் இருவரும் வாசலிலேயே நின்றார்கள். டிம்பிளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவந்தது ஊருக்கே தெரியும். மிச்சமிருந்த மூன்றைப் பற்றித்தான் யாருக்கும் தெரியாது.

"சேட்டாயி, மன்னிச்சிருங்க" என்றான் செறியான்.

"மன்னிப்பா? என்னைக் கோமாளியாக்கி ஊர் ஊரா அனுப்பினீங்களேடா."

"உங்களை யாரு அனுப்பினது?" என்றாள் டிம்பிள். அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "போட்டோவைக் காட்டாதீங்கன்னு நான் எத்தனை தடவை சொல்லிருப்பேன்? 'சாட்சியம், சாட்சியம்'னு தூக்கிட்டுப் போனது நீங்க. சரி, பாடம் நடத்தறவர் நீங்கதானே, இப்போ சொல்லுங்க. அந்தத் தாள்ல மூணு கட்டம் இருக்கு. எதுல டிக் போடணும்? ராத்திரி தூக்கம் வராம எட்டு வருஷமா நான் இதைத்தான் நினைச்சிட்டிருக்கேன். அழிக்கச் சொன்னா கொலைன்னு நீங்கதான் சொன்னீங்க."

சார் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அழித்துவிடுதல். ஆராய்ச்சிக்குக் கொடுத்தல். வேறொரு தம்பதிக்குக் கொடுத்தல். முதல் இரண்டும் ஆகாது. பத்து வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், சொல்லிக்கொடுத்ததே அவர்தான். மூன்றாவது? பெற்றவள் ஒருத்தி, சுமப்பவள் ஒருத்தி. கல்யாண உறவுக்கு வெளியே இருந்து ஒரு கரு உள்ளே வருவதைத் திருச்சபை ஏற்பதில்லை. அப்படியே விட்டுவிடலாமென்றால் அதற்கும் திங்கட்கிழமை வரைதான். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே தாழ்ப்பாள். கடைசி பெஞ்சு நர்ஸ் பெண் எழுந்து நின்று இதைத்தானே கேட்டாள். அவளைச் சிரிப்புக்கு ஆளாக்கி உட்காரவைத்தாயிற்று. அவள் குடும்பத்தில் யாருக்கு இப்படி எத்தனை இருந்ததோ!

"பேரப்பா" என்று ஒரு குரல். பெரியப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள் எலிஸ்வா; கையில் மறைக்கல்விப் புத்தகம். "நாளைக்கு ஒப்பிக்கணும். கேள்வி கேளுங்க."

அவள் புத்தகத்தை அவர் கையில் விரித்து வைத்தாள். முதல் கேள்வி பக்கத்தின் உச்சியிலேயே இருந்தது. சார் பக்கத்தைத் திருப்பப் பார்த்தார்.

"கேளுங்க பேரப்பா."

"உன்னைப் படைத்தது யார்?"

"கடவுள்" என்றாள் அவள், பல் விழுந்த சந்தில் காற்று விட. "ஈஸி. அடுத்தது?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சரி. எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கண்ணாடிக் குழாயில் தொடங்கியிருந்தாலும் இந்தப் பதில் சரிதான். தப்பென்று போட எந்த வாத்தியாராலும் முடியாது. எட்டு வருடத்துக்கு முன் எண்ணெய் வழியும் இந்தத் தலையில் கைவைத்து, பேயையும் அதன் செயல்களையும் விட்டுவிடுகிறேன் என்று இவளுக்காகச் சொன்னது அவருடைய வாய்தான். இவளோடு அதே நாளில் உண்டானவை இன்னும் மூன்று. அவற்றில் ஒன்றை டாக்டர் இவளுக்குப் பதிலாக எடுத்திருந்தால், இவள் இந்நேரம் அந்த உறைபனித் தொட்டியில் இருப்பாள், வேறொருத்தி புத்தகத்தோடு வந்திருப்பாள்.

"மீதியை அம்மாகிட்ட ஒப்பி, மோளே. பேரப்பனுக்கு உடம்பு சரியில்ல" என்றார். டிம்பிள் அவளை வாசலுக்கு அழைத்துப்போனாள்.

ரோசிலி கையைக் கழுவிவிட்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"நான் சுமக்கறேன்" என்றாள்.

"என்ன பேச்சு பேசற?"

"எனக்கு நாப்பது ஆகுது. டாக்டரம்மா முடியும்னுதான் சொல்றாங்க. வெள்ளத்தப்பவே போன்ல கேட்டுட்டேன்."

"கூடாது, ரோசிலி. அதுவும் தப்புதான். எனக்குத் தெரியும்."

"எது தப்பில்லன்னு சொல்லுங்க, அதைச் செய்வோம்." அவள் குரல் உயரவே இல்லை. "ஆள்னு சொன்னீங்க. நான் நம்பினேன், அச்சாயா. இந்த வீட்டுல நீங்க நடத்தின பாடத்தை முழுசா நம்பினது நான் ஒருத்திதான். டிம்பிளுக்கு அது மிச்சம். எனக்கு அது மூணு பேரு. ஆலுவால தண்ணி ஏறினப்ப மூணு பேரு இருட்டுல இருக்காங்கன்னுதான் அழுதேன். உள்ள வெச்சாலும் தங்காமப் போகலாம். போகட்டும். ஒரு வயித்துல இருந்து போகட்டும்."

செறியான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாருக்குக் கோபம் வந்தது. அவள்மேல் அல்ல. இத்தனை வருடம் அந்த வாக்கியத்தை மேடையில் நின்று சொல்லியிருக்கிறார். அதை ஒருத்தி அப்படியே எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். அவர் சொன்னார், அவள் நம்பினாள். இரண்டும் ஒன்றில்லை என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே திட்டம்போட்டுச் செய்கிற பாவத்துக்கு மன்னிப்புக் கிடையாது என்றும் அவரே நடத்தியிருக்கிறார். அந்த ஓட்டையையும் அடைத்தது அவர்தான்.

மணி பன்னிரண்டரை. போனை எடுத்து வகுப்பு நடத்தும் மையத்தின் பாதிரியாரான அச்சனை அழைத்தார்.

"அச்சா, இன்னிக்கு வேற ஆளைப் பாருங்க."

"சாரே, எழுபது ஜோடி வந்திருக்கு. காய்ச்சலா?"

"இல்ல. இனிமே எப்பவுமே வேற ஆளைத்தான் பாக்கணும். சாயங்காலம் நேர்ல வந்து சொல்றேன். சொன்னப்புறம் மறைக்கல்விக்கும் வேண்டாம்னு நீங்களே சொல்லுவீங்க." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து புகைப்படத்தை எடுத்து ரோசிலியிடம் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் துடைத்தாள்.

பிறகு அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார். பெற்றுக்கொள்ளும் தம்பதியின் பெயர் என்ற இடத்தில், 'மறியம் ரோசிலி' என்றும் அதன்கீழ்த் தன் பெயரையும் எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. சரியா தப்பா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. தப்பாகத்தான் இருக்கும் என்று அவருக்குள் இருந்த வாத்தியார் கடைசி எழுத்து வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"டேய், இங்க வா" என்றார் தம்பியைப் பார்த்து. "கொடுக்கறவங்க கையெழுத்து. நீயும் அவளும் போடணும்."

செறியான் வந்து பேனாவை வாங்கினான்.

"ஞானஸ்நானத்துல பெத்த அப்பன் தலையைத் தொடக்கூடாது, சட்டம் இருக்கு, தெரியுமில்ல?" என்றார் சார்.

"தெரியும், சேட்டாயி. நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

"கோயில் ரெஜிஸ்டர்ல அப்பன் பேருன்னு என் பேரைத்தான் எழுதுவாங்க. அப்போ என்னால தொட முடியாது." அவர் தாளைத் தம்பி பக்கம் நகர்த்தினார். "நீதான்டா தலைதொட்டப்பன்."