உயிரோடிருப்பவருக்கு எட்டுச்செலவு

பன்றி இறைச்சிதான் அண்ணரைக் கொண்டுபோனது என்று யோகலிங்கம் தீர்ப்புச் சொன்னது, அதே அண்ணருக்குப் படைத்திருந்த பன்றி வறுவலுக்கு முன்னால் நின்றுகொண்டுதான்.

அண்ணர் நடராசாவின் எட்டுச்செலவு அன்று. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைக்கிற நாள். அந்த மனுசனுக்குப் பிடிக்காதது என்று உலகத்தில் ஒன்றும் இருந்ததில்லை. பன்றி வறுவல், ஆட்டுக் குடல், பொரித்த முட்டை, பக்கத்தில் ஒரு சுருட்டு. புரோஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய், கண்டுபிடித்தபோது எலும்பு வரைக்கும் போய்விட்டிருந்தது.

"இண்டையிலயிருந்து நான் சைவம். செத்தாலும் மச்சம் தொடமாட்டன்" என்றார் யோகலிங்கம்.

அவர் பெண்சாதி விமலேஸ்வரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தங்கள் ஊர் முள்ளியவளைக்குத் திரும்பியதும் இறைச்சிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். காலையில் குரக்கன் பிட்டு, மத்தியானம் முருங்கையிலை, இரவில் தக்காளிக் குழம்பு. தக்காளி நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கிணற்றடியில் ஒரு பாத்தி நிறைய நட்டும் விட்டாள். புருசன் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டதைப் பார்த்துப் பூரித்தும் போனாள், பாவம்.

பூரிப்பு கனகாலம் நிற்கவில்லை. நடராசாவைப் பார்த்த டொக்டர் தம்பிமாரிடம் ஒன்று சொல்லியிருந்தார். கூடப்பிறந்தவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்புக் கூட, ஐம்பது கடந்தவர்கள் ரத்தம் சோதித்துப் பாருங்கள் என்று. யோகலிங்கத்துக்கு வயது அறுபத்தொன்று. அவள் அதை ஞாபகப்படுத்தும்போதெல்லாம் ஒரு சாட்டு வந்தது. முதலில் வயலில் அரிவி வெட்டு. பிறகு வெட்டிய நெல்லுக்குச் சூடடிப்பு. பிறகு மழை. சாட்டெல்லாம் முடிந்ததும் பெரிய சாட்டு ஒன்றை எடுத்தார்.

"நான்தான் இப்ப சுத்த சைவமெல்லே? உம்மட தக்காளிக்கு முன்னால எந்த நோயப்பா நிக்கும்?"

விமலேஸ்வரிக்குச் சுருக்கென்றது. ஆகா, நான் சமைத்துப் போடுகிற சாப்பாட்டையே எனக்கு எதிராகத் திருப்புகிறாரே இந்த மனுசன்!

"நல்ல பசளை போட்டனான் எண்டு வயல் பக்கம் போகாமல் இருக்கிறனீங்களோ? விடிய எழும்பி வரம்பைச் சுத்திப் பாக்கிறியள்தானே? உடம்பையும் ஒருக்காப் பாத்தால் என்ன?"

"வயல் வேற, நான் வேற. நீர் சும்மா இரும்."

சும்மா இருக்கிற பிறவியா அவள்? சண்டையில் இடம்பெயர்ந்த காலத்தில் காய்ச்சலோடு கிடந்த இதே மனுசனைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தவள். அடுத்த நாள் அவர் வயலுக்குப் போனதும் சந்தைக்குப் போனாள். வந்து கவிழ்த்து வைத்த சட்டியை நிமிர்த்தினாள்.

மத்தியானம் யோகலிங்கம் கால் கழுவும்போதே மூக்கைச் சுளித்தார். "என்னப்பா, வாசம் தூக்குது? ஆர் வந்திருக்கினம்?"

உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். நிலத்தில் தலைவாழை இலை. பன்றி வறுவல், ஆட்டுக் குடல், பொரித்த முட்டை. இலைக்குப் பக்கத்தில் சுருட்டு. தலைப்பக்கம் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்ன இது?"

"எட்டுச்செலவு."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். நீங்கள் போன பிறகு உப்புப் போதுமோ, உறைப்புப் போதுமோ எண்டு நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது? இருந்து ருசி பாத்துச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

"உமக்கென்ன விசரே! உயிரோட இருக்கிறவனுக்கு விளக்கு வைச்சுப் படைக்கிறீர்! சனம் கேட்டால் காறித் துப்பும்!"

"துப்பட்டும்! ஓம், விசர்தான்!" அவள் இலைக்கு முன்னால் குந்தினாள். "அண்ணரைப் பறிகுடுத்திட்டு நாகேஸ்வரி அக்கா அண்டைக்கு இலைக்கு முன்னால குந்தியிருந்து அழுததைப் பாத்தனீங்கள்தானே? எனக்குப் பயமாக் கிடக்குதப்பா. தினமும் தக்காளி வெட்டேக்க பயத்தோடதான் வெட்டுறன்."

யோகலிங்கம் கதிரையில் இருந்தார்.

"இருக்கெண்டு சொல்லிப்போட்டால்?" என்றார். வயலில் யானைக்கு வெடி கொளுத்திப் போடுகிற மனுசனின் குரல் அப்போது குழந்தைப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"இருந்தால் வைத்தியம் இருக்கு. பிந்தினால்தான் இந்த இலை."

அவர் எழும்பிப் போய் விளக்கைக் கையாலேயே அமத்தினார். "காலமை முதல் பஸ் எத்தினை மணிக்கு?"

ஆஸ்பத்திரியில் சோதித்ததில், அந்தச் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதத்தின் அளவு கூடத்தான் இருந்தது. ஸ்கேன், தசை எடுத்துச் சோதனை என்று அலைய வேண்டியிருந்தது. கடைசியில், கட்டி சின்னது, சுரப்பியை விட்டு வெளியே வரவில்லை, வேளைக்கே வந்துவிட்டீர்கள், மாற்றிச் சுகப்படுத்தலாம் என்றார் டொக்டர். இளம் பெண்பிள்ளை. யோகலிங்கத்துக்கு ஆறவில்லை.

"நான் இத்தினை மாசம் மச்சமே தொடேல்லையே, பிள்ளை!"

"அது நல்லது ஐயா, விடாதேங்கோ. கொழுப்பிறைச்சியையும் கருக்கிப் பொரிச்சதையும் குறைச்சு, மரக்கறியைக் கூட்டினால் ஆபத்துக் குறையலாம் எண்டு சொல்லுகினம். குறையலாம், அவ்வளவுதான். உள்ளுக்க என்ன நடக்குதெண்டு தக்காளி வந்து சொல்லாது."

விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மெதுவாகக் கேட்டார். "அண்டைக்கு அந்தப் பன்றி வறுவலை என்ன செய்தனீர்?"

"நாய்க்குப் போட்டனான்."

"அட பாவி! முழுவதையுமே?"

"முழுவதையும்தான். நாய் ஒரு குறையும் சொல்லேல்ல."

யோகலிங்கம் பெருமூச்சு விட்டபடி போனை எடுத்தார். கிளிநொச்சியில் இருக்கிற கடைசித் தம்பி யோகநாதனுக்கு எடுத்து, பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"டேய், நீ மரக்கறி தின்னுறது இருக்கட்டும். நாளைக்கே போய் ரத்தத்தைக் குடு. என்ன? நேரமில்லையோ? சரி, அண்ணியை அனுப்பிவிடுறன். வாழையிலையோட வருவா."