விசாரித்து வாங்கப்போன பிரீ-அம்ப்

சுவிஸில் பேர்ண் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் தவச்செல்வனுக்குப் பாட்டுப் பைத்தியம். அவன் பல வருடம் கனவுகண்ட, பாட்டின் ஒலியைத் துல்லியமாக்கித் தரும் பிரீ-அம்ப் பெட்டி இணையத்தில் விற்பனைக்கு வந்திருந்தது. படத்தில் ஒரு கீறல் இல்லை. அதுவே அவனைச் சந்தேகப்பட வைத்தது. இப்படியொரு சாமானை எவனாவது சும்மா விற்பானா?

விற்பவர் லா ஷோ-து-ஃபோன் நகரில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சச்சிதானந்தன். வெள்ளைக்காரன் என்றால் தவச்செல்வன் நேரே போய்க் கேட்டுப் பார்த்திருப்பான். நம்மவர் ஆயிற்றே, விசாரிக்காமல் விடலாமா? கூட வேலை செய்யும் கிஷோபனுக்குப் போன் போட்டான்.

"ஆள் ஊரிலை எவடம்? ஏன் விக்கிறாராம்?"

கிஷோபனுக்குத் தெரியவில்லை. அவன் சூரிச்சில் இருக்கும் தன் மாமியைக் கேட்டான். மாமி இன்னும் நாலு பேரைக் கேட்டாள். எல்லோரும் நல்ல மனிதர் என்றார்கள். ஏன் விற்கிறார் என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. தவச்செல்வனுக்குச் சந்தேகம் இரட்டித்தது.

சனிக்கிழமை ரயிலேறிப் போனான். சச்சிதானந்தன் பாட்டைப் போட்டார். பாடகி மூச்செடுப்பதுகூடக் கேட்டது. தவச்செல்வன் மயங்கவில்லை. பெட்டியை மோந்து பார்த்தான், போன் வெளிச்சத்தில் ஆணிகளை ஆராய்ந்தான், குமிழ்களைத் திருகினான். எங்குமே பழுதில்லை.

"அண்ணை, பிறகேன் விக்கிறியள்?"

அவர் மூலையில் இருந்த புதுப் பெட்டியைக் காட்டினார். "இதிலும் பெரிசு எடுத்திட்டன் தம்பி. அவ்வளவுதான்."

இவ்வளவுதானா! தவச்செல்வனுக்கு உயிர் வந்தது. "அப்ப நான் எடுக்கிறன்."

"இல்லைத் தம்பி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி விக்கேலாது. நீங்கள் ரயிலேறிட்டியள் எண்டபடியாலை, வந்து பாட்டாவது கேட்டிட்டுப் போகட்டும் எண்டு விட்டனான்."

"ஏன் அண்ணை?"

"ஒரு கிழமையா போன் ஓயேல்லை. எனக்கு வேலை போயிட்டுதாம். மனிசி விட்டிட்டுப் போயிட்டாவாம். வீட்டுச் சாமானெல்லாம் விக்கிறனாம்."

விட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட மனைவி யசோதரா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"லண்டனிலை இவரின்ரை தங்கச்சி போனிலை அழுகிறா. இப்ப இதைக் குடுத்தால் கதை உண்மையாப் போகும்," என்றார்.

"ஆரோ ஒருத்தர் நான் ஏன் விக்கிறன் எண்டு சுவிஸ் முழுக்க விசாரிச்சவராம்," என்றார் சச்சிதானந்தன். "தம்பி, உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

தெரிந்துகொண்டுதான் கேட்கிறாரோ? தவச்செல்வன் அவர் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தான். அதில் கவலையைத் தவிர ஒன்றுமில்லை. வெட்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தான்.

"எனக்கென்ன தெரியும் அண்ணை," என்றான்.

சச்சிதானந்தன் அதை அப்படியே நம்பினார்.