சத்தமில்லாத அரை நிமிஷம்

கிருத்திகாவுக்கு ஒரு விஷயம் புரியலைன்னா சோறு இறங்காது. அப்படி ஒரு ஜென்மம்! எருத்தேன்பதிக்காரி; மலையாளச் சீமையின் எல்லையோரத்து ஸ்டேஷன் ஒன்றில் போலீஸ் வேலை. மற்றவர்கள் நெஞ்சில் மாட்டிக்கொண்டு போகிற கேமராக்களை வாங்கிச் சார்ஜில் போட்டு, படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் பொறுப்பு.

மூணு மாசமாக ஒரு சங்கதி அவளை அரித்துக்கொண்டே இருந்தது. எந்தப் படத்தைத் திறந்தாலும் முதல் அரை நிமிஷம் ஊமை. வாய் அசையும், வண்டி போகும், சத்தம் மட்டும் வராது. "மிஷின் முழிச்சுக்க நேரமாகும், தள்ளிவிட்டுப் பாரு" என்று ஸ்டேஷனே ஒரே வாயாகச் சொல்லிவிட்டது. அவளுக்கு மனசு ஆறவில்லை.

அன்றைக்கு மத்தியானம் எஸ்.ஐ. ஜோஜோ கேமராவைக் கழற்றிக் கொடுத்தார்.

"அந்த நவீன்குமார் மேல கேஸ் எழுதி வை. சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போடறேன்."

அவர் பேச்செல்லாம் மலையாளந்தான். நாம நம்ம பாஷையிலேயே கேட்டுக்குவோம்.

காலையில் வண்டிச் சோதனையில் நவீன்குமார் எஸ்.ஐ.யோடு சண்டைக்கு வந்தானாம். இப்போது உள்ளே பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். வெளியே அவன் அம்மா மயிலாத்தாள் கிருத்திகாவை மறித்துக்கொண்டாள்.

"ஏனுங்க அம்மிணி, பத்து நாள்ல துபாய்க்கு டிக்கெட்டுங்க. போலீஸ் சான்றிதழ் ஒண்ணுதான் பாக்கி. கேஸுன்னு ஆயிட்டா எம் பையன் பொழப்பே போச்சுங்களே!"

"எங்கையில என்னங்க இருக்குது?" என்றாள் கிருத்திகா. சொன்ன வாய் அவளுக்கே கசந்தது.

படத்தை ஏற்றினாள். தள்ளிவிடாமல் முதலிலிருந்தே பார்த்தாள். நவீன்குமார் பைக்கை ஓரமாக நிறுத்துகிறான். போலீசைக் கண்டதும், மடித்துக் கட்டியிருந்த கைலியைக் கணுக்கால் வரைக்கும் இறக்கிவிடுகிறான். பாக்கெட்டிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டுகிறான். கேமராவுக்குக் கீழிருந்து காக்கிக் கை ஒன்று நீண்டு வந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்குகிறது. பாக்கெட் கிழிந்து தொங்குகிறது. காகிதமெல்லாம் ரோட்டில். குனிந்து பொறுக்குகிறான், நிமிர்கிறான், கைலியை மடித்துக் கட்டுகிறான். அதுக்கப்புறந்தான் சத்தம் வருகிறது: "சட்டையப் புடிக்க நீங்க யாருங்க?"

அடப்பாவி மனுசா! முழுப் பூசணிக்காயை இப்படியா சோத்தில் மறைப்பது!

மாவட்ட ஆபீசில் கேமரா பிரிவைப் பார்க்கும் ஜின்சிக்கு உடனே போன் போட்டாள்.

"கோளாறெல்லாம் இல்ல," என்றாள் ஜின்சி. "பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடியே அது பார்த்துட்டுத்தான் இருக்கும். கடைசி அரை நிமிஷத்தைச் சத்தமில்லாம வெச்சிருக்கும். அமுக்கினதும் அதை முன்னாடி சேர்த்துடும்."

கிருத்திகாவுக்கு மூணு மாச அரிப்பு அடங்கியது. ஆனால் இதைக் கண்டும் காணாததுமாக விட்டால் ஒரு பையன் பொழப்பு போகும். விடாவிட்டால் தன் பொழப்பு.

ஜோஜோ ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒருக்கா முழுசாப் பார்த்துருங்க சார். உங்க பாஸ்வேர்டு போட்டாப் போதும்."

போட்டார், பார்த்தார். மூஞ்சி சுண்டிப்போயிற்று.

"சத்தமில்லையே. அவன் என்ன பேசினான்னு யாருக்குத் தெரியும்?"

"பேசினது தெரியாது சார். கைலியை இறக்கிவிட்டவன் சண்டைக்கு வந்தவனா, மரியாதைக்கு வந்தவனான்னு இந்தப் பக்கத்துல சின்னக் குழந்தைகூடச் சொல்லும்."

"அழிச்சுடு."

"அந்த அதிகாரம் நம்ம ஸ்டேஷனுக்கு இல்லீங்க சார்."

"சரி, நான் பார்க்கலைன்னு வெச்சுக்கோ."

கிருத்திகா திரையின் அடியைத் தொட்டுக் காட்டினாள். திறந்தவர் ஜோஜோ. மணி இரண்டு பதினெட்டு. முழுவதும் பார்க்கப்பட்டது.

"யார் எப்பப் பார்த்தாங்கன்னு அதுவே எழுதி வெச்சுக்கும் சார்."

ஜோஜோ, அவள் எழுதி வைத்திருந்த கேஸ் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"அவனைப் போகச் சொல்லு. கேஸ் இல்ல." கதவு வரை போனவர் திரும்பினார். "நாளையிலிருந்து இந்த நாற்காலியில வேற ஆள். நீ என்கூட வண்டிச் சோதனைக்கு வெயில்ல வந்து நில்லு. அப்பத் தெரியும்."

"சரிங்க சார்," என்றாள் கிருத்திகா. "எனக்கும் ஒரு கேமரா குடுப்பாங்கல்ல?"