இளைத்த யானையின் வீச்சு

“விலகுடா!” என்று கோச் கத்துவதற்குள் பந்து யானையின் விலாவை உரசிக்கொண்டு போய் வலையில் அறைந்தது.

கோச் பாய்ந்து பந்து வீசும் மெஷினை அணைத்தார்.

“கண்ணு எங்கடா இருக்கு மச்சான்? மதியம் தேர்வுக் குழு வருது. இந்த லட்சணத்துல ஆடினா டீம் பஸ்ல ஏத்த மாட்டாங்க. நின்னு டாட்டா காட்டலாம்.”

“பந்துக்கே என்மேல பயம் விட்டுப்போச்சு மாமா” என்று சிரித்தான் யானை. கோச்சின் மனைவிக்கு ஒரே தம்பி.

பேஸ்பால் களத்தில் அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. போன வருஷம் வரை மலை மாதிரி நிற்பான். பின்னங்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, மொத்த எடையையும் பேட்டுக்குள் இறக்குவான். வீச்சு நிதானம்தான். ஆனால் பட்ட பந்து வேலிக்கு அப்பால்தான் விழும்.

பிறகு டயட் என்றான். இளைத்தான். கோச்சுக்குத் தலைகால் புரியவில்லை. “உடம்பு இறங்கினா வேகம் ஏறும்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்தார். அவன் இளைக்க இளைக்க லேசான பேட்டாக மாற்றிக்கொடுத்தார். நீண்ட வீச்சை விட்டுவிட்டு, கையை உடம்போடு ஒட்டிச் சுருக்கமாக வெட்டச் சொன்னார். சின்ன உடம்புக்காரர்கள் அப்படித்தான் அடிப்பார்கள்.

இப்போது அவன் ஆடியதைப் போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார். இளைத்தவனின் இடுப்பு சடாரென்று திரும்ப வேண்டும். இங்கே இடுப்பு அசையவே இல்லை. தோள் மட்டும் தள்ளாடுகிறது. இருப்பதிலேயே லேசான பேட். அதுவே அவனை இழுத்துக்கொண்டு போகிறது.

“கொழுப்பு கரையலடா, சதை கரைஞ்சிருக்கு! பட்டினி கிடந்தது போதும். தேர்வைத் தள்ளி வைக்கச் சொல்லி அவங்க கால்ல வேணா விழறேன். நல்லாத் தின்னு, உடம்பை ஏத்திடலாம்.”

யானை பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தான். சட்டை அவனைவிடப் பெரிதாக இருந்தது.

“தள்ள வேணாம் மாமா. இன்னைக்கு விட்டா அப்புறம் நிக்கவே தெம்பு இருக்காது.”

“ஏன்டா உளர்றே?”

“நான் பட்டினியே கிடக்கல. டயட்னு சொன்னது அக்கா அழுவாளேன்னுதான்” என்றான். “உள்ள கட்டி இருக்கு மாமா. டாக்டர் எப்பவோ கையை விரிச்சிட்டாரு.”