ஆறு பேர் சிரிக்கும் இடம்

1

இந்தக் கதை ஒரு மழைநாளில், ஜன்னலோரம், தேநீர் ஆவிக்கு நடுவே பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. அப்படித் தொடங்கும் கதைகளுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் இது பிறந்தது ஒரு படிவத்தில். அதுவும் இரண்டு பிரதி கேட்கும் படிவத்தில்.

பதினோரு வருடம் வானொலிக்கு நகைச்சுவை நாடகம் எழுதியவன் நான். வாரம் ஒன்று, கால் மணி நேரம். நிலையத்தில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘வசனம்’ என்பார்கள். அது நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அந்த நாடகங்களை மறுபடி ஒலிபரப்பப் போகிறார்களாம். காலம் மாறிவிட்டதல்லவா, யாரோ ஒருவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்கச் செய்து, ‘ஆட்சேபத்துக்குரிய பகுதி’களைக் குறித்து, பதிவுகளோடு எழுதியவனுக்கே அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று கட்டம்: அப்படியே விடலாம், பீப் ஒலியால் மூடலாம், நீக்கலாம். பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு வரி. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

குறிக்கப்பட்டவை பன்னிரண்டு. மாமியாரை மட்டுமே ஏழு இடத்தில் வம்புக்கு இழுத்திருக்கிறேன். ஏழையும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கினேன். பதினொன்று வரை பேனா ஓடியது. பன்னிரண்டாவதில் நின்றுவிட்டது.

2

அது ஒரு சொல். அதை இங்கே எழுதப்போவதில்லை. [          ] என்று விடுகிறேன்.

ஆண்மேல் ஆசை வைக்கும் ஆணை எட்டி உதைப்பதற்கென்றே தெருவில் கிடந்த சொல். நான் கண்டுபிடித்ததல்ல. எடுத்துத் துடைத்து, முன்னால் சரியான அளவு இடைவெளி விட்டு, சரியான வாயில் வைத்தேன், அவ்வளவுதான். ஒரே நாடகத்தில், ஒரே தடவை. மறுவாரம் அதைப் பஸ்ஸில் கேட்டேன், அதற்கடுத்த வாரம் சலூனில். ஒரு மாதத்தில் பள்ளிக்கூட வாசலில்.

(அடிக்குறிப்பு: மேலே உள்ள காலி இடத்தைப் பார்த்ததும் உங்கள் மனத்தில் ஒரு சொல் வந்து உட்கார்ந்திருக்கும். எந்தச் சொல் என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதுதான் என் கவலை.)

3

நிலையத்திலேயே சத்தம் குறைவான மனிதனுக்கு ‘சவுண்டு’ என்று பேர். ஒலிப்பதிவு அவன் வேலை. நாடகத்தைப் பதிவுசெய்து, ஒலிநாடாவைப் பிளேடால் நறுக்கி ஒட்டி, சிரிக்க வேண்டிய இடங்களில் சிரிப்பைச் சேர்ப்பான். எங்கள் பதிவறையில் பார்வையாளர்கள் கிடையாது. அதனால் எங்கெங்கோ கூட்டங்களில் சிரிப்பைப் பிடித்துவந்து சுருள் சுருளாக அலமாரியில் வைத்திருந்தான். ஒவ்வொன்றின்மேலும் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘லேசாக’. ‘வயிறு குலுங்க’. ‘பெண்கள் மட்டும்’. ‘நன்று, ஆனால் ஒருவர் இருமுகிறார்’.

ஒட்டி முடித்ததும் நான் கேட்டுச் சரி சொல்ல வேண்டும். ஹெட்போன் ஒன்றுதான். அதை இருவர் தலைக்கும் நடுவே விரித்துப் பிடித்துக்கொள்வோம். என் வலது காது, அவன் இடது காது. வாரத்துக்குக் கால் மணி நேரம்.

“மெதுவா மூச்சு விடு வசனம். நாடகம் கேக்கல, உன் மூச்சுதான் கேக்குது” என்பான்.

எனக்கும் அதே புகார்தான். அவன் கன்னத்திலிருந்து வரும் சூடு என்

[இந்த வாக்கியத்தை நான்கு முறை முடித்துப் பார்த்தேன். நான்கிலும் பொய் கலந்துவிட்டது. இப்படியே கிடக்கட்டும்.]

நாடகத்தைக் கேட்டு அவன் சிரித்ததே இல்லை. தாழ்வாரத்தில், என் பேச்சுக்கு மட்டும் சிரிப்பான். சிரித்து முடிக்கும்போது காற்றை உள்ளே இழுப்பான்; குழாயில் தண்ணீர் நின்றுபோகும்போது ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. காதுக்கு இனிமை என்று சொல்ல முடியாது. அதைக் கேட்கவே நான் வீட்டிலிருந்து ஜோக் தயார் பண்ணிக்கொண்டு போவேன். நல்லதெல்லாம் தாழ்வாரத்தில் தீர்ந்துவிடும். மிச்சத்தைத்தான் நாடு கேட்டது.

4

முதல் வரைவில் சவுண்டைப் பெண்ணாக்கியிருந்தேன். இலக்கியத்தில் அதற்கு ஏதோ பேர் உண்டு. என் விஷயத்தில் அதற்குப் பேர் பயம். அக்காவிடம் படித்துக் காட்டினேன். பாதியில் கண்ணாடியைக் கழற்றினாள்.

“எல்லாம் சரிடா. இந்தப் பொண்ணு ஏன் நாலு நாளைக்கு ஒரு தடவ ஷேவ் பண்ணுது?”

தாடியை எடுக்க மறந்திருக்கிறேன்.

இரண்டாவது வரைவில் அவனை ஆணாகவே விட்டு, கொன்றுவிட்டேன். நல்ல சாவு, சாயங்கால வெயில் எல்லாம் போட்டு. எங்கள் தொழிலில் ஆண்மேல் ஆசை வைக்கும் ஆண்களுக்கு நெடுங்காலம் இருந்தது ஒரே வேலை, சிரிக்கவைப்பது. இப்போது முன்னேறிவிட்டோம். சிரிக்கவைப்பதில்லை, சாகடிக்கிறோம். பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாங்கள் நல்லவர்கள் என்று வீட்டுக்குப் போகலாம். செத்தவனுக்கு இன்னொரு வசதியும் உண்டு: போன் பண்ணி, ‘ஏம்ப்பா இப்படி எழுதினே’ என்று கேட்க மாட்டான்.

“செத்துட்டானா?” என்றாள் அக்கா.

“இல்ல. கதைக்காக.”

“கதைக்காகன்னு சொல்லி நீ தப்பிச்சதெல்லாம் போதும். உயிரோட வெச்சு எழுது. கஷ்டமா இருந்தா இருக்கட்டும்.”

5

உயிரோடு எழுதுகிறேன்.

ஒரு புதன்கிழமை பிற்பகல். கேட்டு முடித்துவிட்டோம். நாடா தீர்ந்து, அதன் நுனி சடக் சடக்கென்று அடித்துக்கொண்டே சுற்றியது. அவன் நிறுத்தவில்லை. ஹெட்போனையும் விடவில்லை.

“வசனம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“சிரிக்கக் கூடாது.”

“அது உன் டிபார்ட்மெண்டுப்பா.”

அவன் சிரிக்கவில்லை. என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். வருடக்கணக்காக அதற்குத்தான் காத்திருந்தேன். காத்திருந்தது வந்து வாசலில் நின்றபோது என் வாய் தன்பாட்டுக்கு ஓடியது.

“கல்யாணமா? பொண்ணு யாரு? அந்த இருமுறவர் பக்கத்துல உக்காந்து சிரிக்குமே, அதுவா?”

இப்போது சிரித்தான். எழுந்து சுருளை நிறுத்தினான். “ஒண்ணுமில்ல. மூணாவது பக்கத்துல ஒரு வசனம் நீளம். கொஞ்சம் வெட்டிடறேன்.”

பதிவறைக் கதவில் உள்ளே பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. யாராவது பார்த்திருப்பார்களோ? யாரும் பார்க்கவில்லை. ஆனால் என் அடுத்த நாடகத்தை நான் எழுதவில்லை, அந்தக் கண்ணாடிதான் எழுதியது. மாடிவீட்டில் ஒருத்தன், மெலிசான குரல், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பாடுவான். நாயகன் மேலே பார்க்கிறான், மனைவியிடம் திரும்புகிறான், ஒரு இடைவெளி, [          ]. இதை எழுதியவனை உலகத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பாருங்கள்.

தயாரிப்பாளர் மேடம் படித்துவிட்டு, “இந்த இடத்துக்கு நல்ல சிரிப்பு வேணும்” என்றார். “இருமல்காரர் இந்த மாசம் நாலு தடவ வந்துட்டார் சவுண்டு. நேயர்கள் அவருக்கு மருந்து அனுப்பப்போறாங்க. புதுசா பிடிங்க.”

சவுண்டு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நாளைக்குள்ள ஏற்பாடு பண்றேன் மேடம்” என்றான்.

அந்த வாரம் மட்டும் நான் கேட்டுச் சரி சொல்லப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். ஒலிபரப்பான அன்று வீட்டில் ரேடியோவையும் போடவில்லை.

6

நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ‘என் அண்ணனைத் தெருவே இப்போது அந்தப் பேரில் கூப்பிடுகிறது. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்த ஒரு வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?’

பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. தடை செய், தடை செய்யாதே. ஒரு மண்டபத்தில் விவாதம் வைத்தார்கள். இருபது நிமிடம் பேசினேன். இன்று ஒரு சொல்லைத் தடை செய்தால் நாளை ஒரு வாக்கியத்தை, மறுநாள் ஒரு மனிதனை என்றெல்லாம். சுத்தமான, அசல் கைதட்டல். யாரும் இருமவில்லை.

மண்டபத்தின் ஓரத்தில், மைக்குக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருந்தது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறங்கி வந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்:

“கடைசி வரிசை வரைக்கும் தெளிவா கேட்டுச்சு. நீ கொஞ்சம் தள்ளி நின்னு பேசினே. நான் வால்யூம ஏத்திவிட்டேன்.”

(அடிக்குறிப்பு: அன்று பேசியதை நான் இன்றும் நம்புகிறேன். ஒரு சொல்லைப் பூட்டிவைக்கும் அதிகாரத்தை எந்த அலுவலகத்துக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கடிதம் அலுவலகத்துக்கு எழுதப்பட்டதல்ல. எனக்கு எழுதப்பட்டது. தடைசெய்யச் சொல்லவில்லை, முடியுமா என்று கேட்டது. நான் பதில் போடவில்லை. கருத்துச் சுதந்திரத்துக்காக மண்டபம் அதிரப் பேசியவனுக்கு, ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவனிடம் சொல்ல ஒரு வரி வரவில்லை. அந்த வரியை யாரும் தடை செய்திருக்கவில்லை.)

மூன்று வாரத்தில் அவன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். சிரிப்புச் சுருள்களை வரிசை மாறாமல் அடுக்கிவைத்துவிட்டு. அவன் போனபின் மூன்று மாதம்தான் எழுதினேன்.

7

இப்போது, இந்தச் செவ்வாய்க்கிழமை, படிவத்தோடு வந்த பதிவை முதல் தடவையாகக் கேட்டேன். ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு.

இடைவெளி. சொல். சிரிப்பு.

நல்ல சிரிப்புதான். ஆறு பேர் இருப்பார்கள். ஒருவன் முந்திக்கொள்கிறான், மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். அடங்கும்போது, கடைசியில், காற்றை உள்ளே இழுக்கும் ஒரு சத்தம்.

திருப்பிக் கேட்டேன். மறுபடி கேட்டேன். அந்த அறைக்குள் ஆறு பேர் இல்லை. ஒருத்தன்தான் இருந்தான். ஆறு தடவை சிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறான்.

இதுதான் என் சங்கடம், வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். சொல்லை நீக்கினால் சிரிப்பும் போய்விடும். காரணமில்லாமல் ஆறு பேர் சிரிக்க முடியாது. விட்டுவைத்தால் அந்தச் சொல் மறுபடி பஸ் ஏறும். என்னிடம் அவன் புகைப்படம் இல்லை, கடிதம் இல்லை. அவனுடையது என்று உலகத்தில் எனக்கு இருப்பது அந்த நான்கு விநாடி. அது ஒட்டிக்கொண்டிருப்பதோ என் கேவலத்தின் வாலில்.

8

இங்கே சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் என்னை மன்னிக்கிறான். அது என் கையெழுத்தில் இருந்ததால் நம்ப முடியவில்லை. இன்னொன்றில் ரயிலடியில் சந்திக்கிறோம். ஏன் ரயிலடி என்று எனக்கே தெரியவில்லை. அக்கா மேசைமேல் இருந்த தாள்களை ஒதுக்கி, போனை என் பக்கம் தள்ளினாள்.

“அவன் பேச வேண்டியதையும் நீயே எழுதிட்டிருக்கே. போடு.”

தயாரிப்பாளர் மேடத்திடம் அவன் எண் கேட்டேன். எதற்கென்று கேட்காமலே கொடுத்தார். அதை யோசிக்க எனக்கு இன்னொரு கதை வேண்டும்.

“யாரு?”

“வசனம்.”

“உயிரோட இருக்கியா?”

“பாதி.”

“எந்தப் பாதின்னு கேக்க மாட்டேன். வயசாயிடுச்சு.”

பின்னால் ஓர் ஆண்குரல், யார் என்று கேட்டது. “பழைய ஆபீஸ்” என்றான் அதனிடம். பிறகு என்னிடம், “சாப்பிடக் கூப்பிடுறார். நீ பேசு, ஆறினா ஆறட்டும்.”

“அவர்...”

“ஆமா. பதினாலு வருஷம்.”

நல்லது என்றேன். நல்லதுதான். அதை எழுத இந்தப் பத்தியை மூன்று தடவை கிழித்தேன்.

“அந்த மாடிவீட்டு நாடகம்” என்றேன். “ஆறு சிரிப்பும் நீதானே?”

“கண்டுபிடிச்சிட்டியா! ஒவ்வொண்ணையும் வேகம் மாத்தி ஒட்டியிருந்தேனே.”

“கடைசியில மூச்ச உள்ள இழுத்தே.”

“அடச்சே. அத வெட்ட மறந்துட்டேன்.” வேலையில் குறை பிடித்துவிட்டார்களே என்ற வருத்தம்தான் குரலில் இருந்தது.

“எப்படிப்பா சிரிச்சே அதுக்கு?”

“நல்லா இருந்துச்சே. மொத தடவ நெஜமாவே சிரிப்பு வந்துடுச்சு. நீ இடைவெளி விட்ட அழகு அப்படி. மத்த அஞ்சும் வேலைக்காக. அந்த அஞ்சையும் மறந்துட்டேன் வசனம். மொத ஒண்ணுதான் இன்னும் தொண்டையில நிக்குது.”

அக்கா எழுந்து உள்ளே போனாள்.

“வெட்டிடறேன்” என்றேன். “அந்த வார்த்தைய. உன் சிரிப்பும் சேர்ந்து போயிடும்.”

“போகட்டுமே.”

“இல்ல, எங்கிட்ட வேற எதுவும்...”

அவன் நான் முடிக்கக் காத்திருந்தான். நான் முடிக்கவில்லை. அவனே தொழிலுக்குத் தாவினான்.

“சும்மா வெட்டாதே, அந்த இடத்துல சத்தம் குதிக்கும். அந்த ரூமோட அமைதிய வெச்சு ஒட்டணும்.”

அது உண்மை. ஒவ்வோர் அறைக்கும் தனி அமைதி உண்டு. பதிவு முடிந்ததும் யாரும் அசையாதீங்க என்று சொல்லி, வெறும் அறையை அரை நிமிடம் பதிவுசெய்வான். வெட்டிய இடத்தை அதைக் கொண்டுதான் நிரப்புவான். பக்கத்து அறையின் அமைதிகூட ஒட்டாது.

“அந்தக் கட்டடத்தையே இடிச்சிட்டாங்கப்பா.”

“அப்படியா? சரி, இப்ப எடுத்துக்கோ. அரை நிமிஷம். நானும் பேசல, நீயும் பேசாதே.”

“போன்ல எடுத்தது ஒட்டுமா?”

“ஒட்டாது. இருந்தாலும் எடு.”

9

படிவத்தில் ‘நீக்கலாம்’ கட்டத்தில் குறி போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை போய்ச் சேரும். அதை உங்கள் தலையில் கட்டமாட்டேன், அது என் வேலை.

உங்களிடம் விடுவது அந்த அரை நிமிடத்தை. பேசினால், அவன் கேட்ட ஒரே காரியத்தைக் கெடுத்துவிடுவேன். அதுவும் பதினாலு வருடம் கூட இருந்தவர் சாப்பாட்டோடு காத்திருக்கும்போது. பேசாவிட்டால், இத்தனை வருடம் செய்ததையே இன்னும் அரை நிமிடம் செய்தவனாவேன். ஒரே ஒரு வித்தியாசம். இந்தத் தடவை அவன் கேட்டு நான் பேசாமலிருக்கிறேன்.

அவன் பக்கம் ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம். யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். தூரத்தில் ஒரு வண்டி போகிறது. என் தெருவா அவன் தெருவா என்று தெரியவில்லை. அவன் இருக்கிறான். போனை வைக்கவில்லை.

இது பதினோராவது விநாடி. இன்னும் பத்தொன்பது இருக்கிறது.