படகுக்காரி

துர்கா பூஜை முடிந்த மறுநாள், பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட வந்த தியாஷாவைக் கண்டதும் மாலபிகாவுக்கு அரைகுறையாய் விட்ட நாவல் ஞாபகம் வந்தது. அண்ணன் மகளான அவள் எழுதிய முதல் நாவல் பூஜை மலரில் வந்திருந்தது. டிராகன்களும் வாயில் நுழையாத பெயருள்ள ராஜ்ஜியங்களுமாக மண்டிக் கிடந்த அந்தக் கதையை, பாதியில் அடையாளத்துக்குச் சீப்பைச் செருகி ஃபிரிட்ஜ் மேல் போட்டவள்தான், அப்புறம் தொடவே இல்லை.

தியாஷா காலைத் தொட்டு எழுந்தாள். தட்டிலிருந்த தேங்காய் உருண்டைக்குக் கை நீட்டிக்கொண்டே அத்தையிடம் கேட்டாள்.

"பிஷி, கதைய முடிச்சிட்டீங்களா?"

"பின்னே? ஒரே மூச்சுல!"

"அப்ப சொல்லுங்க, அந்தப் படகுக்காரி எப்படி?"

படித்த வரைக்கும் ஆறே வரவில்லை. வந்த பெண்களெல்லாம் சூனியக்காரிகள். அந்தத் தைரியத்தில் அத்தைக்காரி அடித்துவிட்டாள்.

"பொல்லாத பொம்பள! அவளக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

தியாஷாவின் கை அப்படியே நின்றது.

"அது நீங்கதான், பிஷி. அம்மா போனப்புறம் என்னை வளத்தீங்கல்ல, அத நெனச்சுத்தான் எழுதினேன். எவ்வளவு வெள்ளம் வந்தாலும், ஏத்தின பிள்ளைய அவ பாதி ஆத்துல விடமாட்டா."

இந்த நாளில் வந்தவர்கள் வாய் இனிக்காமல் திரும்பக் கூடாது. மாலபிகா ஓர் உருண்டையை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனாள். தியாஷா வாயைத் திறந்தாள். கண் மட்டும் ஃபிரிட்ஜ் மேல், மலரின் பாதியில் துருத்திக்கொண்டிருந்த சீப்பை விட்டு நகரவில்லை.